பட்டினி போடாத தட்டு

பால்காரி என்று கூப்பிடுகிறார்களே தவிர, அவளுக்கும் மாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு பெரிய மருத்துவமனையின் பின்கட்டடத்தில், மூன்றாவது மாடியில், புற்றுநோய்ச் செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி வைப்பது அவள் வேலை. பெயரை வைத்தவன் கணவன். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது வெளியே போகலாம் என்று அவன் தலையெல்லாம் சீவிக்கொண்டு நிற்க, இவள் “செல்லுக்கு மீடியம் மாத்தணும், இதோ வந்துடறேன்” என்று பையைத் தூக்கினாள். “பால்காரியைக் கட்டியிருந்தாக்கூட வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டிருப்பா” என்று அவன் முனகியதை இவள் ஆய்வுக்கூடத்தில் போய்ச் சிரிப்பாகச் சொல்லித் தொலைத்தாள். அன்றோடு அவள் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் தங்கிவிட்டது.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குடுவையில் புகை வரும், யாரோ ஒருவர் துள்ளிக் குதித்துக் கையைத் தட்டுவார் என்றுதான் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து ஒரு நாள் முழுக்க அந்த அறையில் உட்கார வைக்க வேண்டும். சன்னல் கிடையாது. கையை விட்டு வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டி காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே சுதியில் இரைந்துகொண்டிருக்கும். இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டு, தட்டில் இருக்கும் குழிகளிலிருந்து பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை விட வேண்டும். மீடியம் என்பது செல்லுக்கான சாப்பாடு, அவ்வளவுதான். ஒரு தட்டு முடிந்தால் அடுத்தது. நாளை மறுநாள் மறுபடி முதலிலிருந்து. உறிஞ்சி விடும் பிப்பெட்டை அமுக்கி அமுக்கி அவள் வலது கட்டைவிரல் வீங்கிப்போய், வீட்டில் பாட்டில் மூடி திறக்கக் கணவனைக் கூப்பிட வேண்டிய நிலைமை. கழுத்து வலிக்கு ஒரு தைலம், இடுப்பு வலிக்கு இன்னொன்று. பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அங்கே நடப்பது பெருங்குடல் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சி. ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவருக்குக் கட்டி சுருங்குகிறது, இன்னொருவருக்கு அசைந்துகொடுக்க மாட்டேன் என்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி. அதற்காக நோயாளியின் கட்டியிலிருந்து துளி கிள்ளி வாங்கி, ஜெல்லுக்குள் வைத்து வளர்த்து, அதன் ஜீன்களைப் படித்து, அதன் மேலேயே மருந்துகளை விட்டுப் பார்க்கிறார்கள். படிப்பதற்கு ஆள் உண்டு, கணக்குப் போடுவதற்கு ஆள் உண்டு. வளர்ப்பது பால்காரி.

அந்த வேலையில் எல்லாமே தலைகீழ். வெளியே “கட்டி வளருது” என்றால் வீடே இடிந்து உட்காரும். இங்கே வளர்ந்தால் டாக்டரம்மா முகத்தில் வெளிச்சம் வரும். டாக்டரம்மா என்பவர்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. நல்ல மனுஷிதான்; ஆனால் தூங்கி எத்தனையோ வருஷமானவர் மாதிரி எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அத்தானுக்கும் அதே நோய் வந்தது.

அத்தான் என்றால் அவள் அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எத்தனை அவசரமானாலும் படியேற மாட்டார், அது தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்பார். வாய் சும்மா இருக்காத ஆள். பால்காரிக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால், அவளைப் படிக்க வைத்ததும், கல்லூரிக்குப் பயந்து பயந்து போனவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டதும் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குடலில் கட்டி என்று தெரிந்தபோதே அது ஈரலுக்கும் போயிருந்தது. முதலில் கொடுத்த கீமோ கொஞ்ச நாள் பிடித்து நிறுத்தியது, பிறகு கைவிட்டது. அது விட்டுவிட்டுப் போனதெல்லாம் மரத்துப்போன விரல்கள்தாம். ஸ்க்ரூ கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்ற கட்டம் வந்ததும், அவர் டூல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். டாக்டர் வேறு ஒரு மருந்து சொன்னார். நடுவில் சில வாரம் இடைவெளி. அந்த இடைவெளியில் மறுபடி டியூப் விட்டுக் குடலிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தார்கள். அதில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டபோது, “அதை வச்சு நான் என்ன பண்ணப்போறேன், எடுத்துக்கோங்க” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு வரும் துணுக்குகளில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் அன்றைக்கு வந்தது ஒன்றே ஒன்று. அத்தானுக்கு அன்று காலைதான் டியூப் விட்டார்கள் என்பது பால்காரிக்குத் தெரியும். சொந்தக்காரர் துணுக்கு என்றால் வாயைத் திறந்து சொல்லி வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அவள் சொல்லவில்லை. வேறு யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. யாராவது தும்மிவிட்டால்? யாராவது அவசரத்தில் ஒரு வேளை தீனியை மறந்துவிட்டால்? அரிசிமணிகூட இல்லை அந்தத் துணுக்கு. அதை ஜெல்லில் வைக்கும்போது அவள் பிப்பெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவை.

அக்காவிடம் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். அவளிடம் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்று. அடுத்த நாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

“எப்படிடி இருக்கு?”

“இப்பத்தானே வச்சிருக்கேன். கொஞ்சம் பொறு அக்கா.”

“சாப்பிடுதா?”

“அதுக்கு வாயா இருக்கு, சாப்பிட?”

“நீ கவனமாப் பார்த்துக்கோ. அவர் இங்க ஒரு வாய்கூட சரியாச் சாப்பிட மாட்டேங்கறார். அதாவது சாப்பிடட்டும்.”

சிரிப்பதா அழுவதா என்று பால்காரிக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வீடு மொத்தமும் தலைகீழாகப் பேசப் பழகிவிட்டது. “நல்லா வளருது” என்று இவள் சொன்னால் அக்கா அங்கே அடுப்படியிலிருந்து கூவுவாள்: “ஏங்க, உங்களுது நல்லா வளருதாம்!” அத்தான் போனை வாங்கிச் சொல்வார்: “ஏன் பால்காரி, எனக்குள்ள வளர்றது பத்தாதுன்னு நீ வேற தனியா தீனி போட்டு வளக்கிறியா? நீயெல்லாம் ஒரு மச்சினியா?”

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். டியூப் விட்டுக் கிள்ளும்போது கட்டி மட்டும் தனியாக வராது. பக்கத்து நல்ல குடலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டும் ஒரே ஜெல்லில்தான் கிடக்கும். அதில் கெட்டதைப் பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. நல்ல செல் சொன்ன பேச்சைக் கேட்கும் ஜாதி. ‘வளரு’ என்று வெளியிலிருந்து ஒரு சத்து வந்து சொன்னால்தான் வளரும். கட்டிச் செல் யாரையும் கேட்காது, தன் பாட்டுக்கு வளரும். ஆகவே அந்தச் சத்தை நிறுத்திவிட்டு வெறும் தீனியில் போட்டால் நல்லதெல்லாம் வாடிச் சாகும், கெட்டது மட்டும் தங்கும். ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பெயர் பட்டினி. தட்டு வந்து சில நாளிலேயே பட்டினி போட்டுவிட வேண்டும். எத்தனையோ பேருடைய தட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பட்டினி போட்டவள்தான் பால்காரி.

இந்தத் தட்டைப் பட்டினி போட அவளுக்குக் கை வரவில்லை.

துணுக்கு சின்னது. பட்டினி போட்டு எல்லாமே போய்விட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? இன்னும் கொஞ்சம் தேறட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள். நாளைக்கு வந்ததும் அடுத்த நாளைக்குத் தள்ளினாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சில இடங்களில் கறுத்துச் சுருண்ட கட்டிகள், அசைவில்லாமல் கிடந்தன. மற்ற இடங்களில் பளிச்சென்று, உருண்டையாக, சோப்புக் குமிழி மாதிரி நல்ல நல்ல செல்கூட்டங்கள். தட்டு மாற்றும்போதெல்லாம் அவள் அந்த உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துப் புதுத் தட்டில் வைத்தாள். பார்க்க லட்சணமாக இருந்ததைத்தான் எடுத்தாள். அசதியில் கண் எரியும்போது மனுஷன் கை எதைத் தேடிப் போகுமோ அதைத்தான் தேடிப் போயிற்று.

அப்புறம் மருந்து விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் அத்தானுக்குச் சொல்லியிருந்த அந்தப் புது மருந்தும் அதில் இருந்தது. உயிரோடிருக்கும் செல் ஒளிவிடும், செத்தது இருட்டாக இருக்கும். இப்படித்தான் அங்கே எண்ணுவார்கள். அந்த மருந்து பட்ட குழிகள் அத்தனையும் இருட்டு. மிகக் குறைந்த அளவு விட்ட குழிகூட இருட்டு.

அந்தத் தட்டு கட்டியேதானா என்பதை ஜீனைப் படித்து உறுதி செய்யும்வரை ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. படிக்கும் மெஷினோ போதுமான துணுக்குகள் சேர்ந்தால்தான் ஓடும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதெல்லாம் பால்காரிக்குத் தெரியாததல்ல. ஆனால் தட்டு இருட்டானதற்கு முந்தின நாள்தான் அத்தான் இனி எந்த மருந்தும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கோபமாகக்கூட இல்லை. “போதும்மா. வீட்டுல படுத்துக்கிறேன். என்னை விட்டுடுங்க” என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம். அக்கா இவளிடம் போனில் அழுத அழுகை இன்னும் காதில் இருந்தது.

பால்காரி வராந்தாவுக்குப் போய் போனைப் போட்டாள்.

“அக்கா, அந்தப் புது மருந்து வேலை செய்யுது. தட்டுல இருந்தது எல்லாம் செத்துப்போச்சு.”

அக்கா அப்போது பஸ்ஸில் இருந்தாள். “எல்லாம் செத்துப்போச்சா! கடவுளே, எல்லாமே செத்துப்போச்சாங்க!” என்று பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

அத்தான் ஒப்புக்கொண்டார். “தட்டுல செத்தா என் வயித்துலயும் சாகணும்ல? சரி, பால்காரி பேச்சுக்காக இன்னொரு தடவை” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

முதல் ரவுண்டு மருந்து ஏற்றியதுமே வயிறு பிடுங்கிக்கொண்டது. போவதும் வருவதுமாக மனுஷன் துவண்டுபோனார். இந்த மருந்துக்கு அது சகஜம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். “எனக்கு இப்ப கீழே போற பட்டன் மட்டும்தான் வேலை செய்யுது” என்று அத்தான் போனில் சொன்னார். இரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு அந்த ஜோக்கும் நின்றுபோயிற்று. “இது என்னைக் கொல்லுது, நெஜமாவே கொல்லுது” என்று அவர் சொன்னபோதெல்லாம் அக்காவிடம் ஒரே பதில்தான்: “தங்கச்சி தட்டுல பார்த்துட்டா, மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லிட்டா. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோங்க.” பால்காரியும் அதையே சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது ரவுண்டு நெருங்கும் வாரத்தில் ஜீன் படிக்கிறவர் அவளைக் கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் என்று பெயர், எப்போதும் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டே இருப்பதால். நாற்காலியைத் திருப்பி அவளை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் அல்ல.

“பால்காரம்மா, இந்தத் தட்டு எங்க கலந்துச்சு?”

“எங்கயும் கலக்கலை சார். நானே தனியாத்தான் பார்த்துக்கிட்டேன்.”

“கலக்கலைன்னா இது கட்டி இல்லையே. இந்த நோயாளியோட கட்டியில மூணு ஜீன்ல தப்பு இருக்கு, ஆஸ்பத்திரியே படிச்சு அனுப்பியிருக்காங்க. உங்க தட்டுல ஒண்ணுகூட இல்ல. ஆள் அதே ஆள்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா இது சுத்தமான நல்ல குடல். பட்டினி போட்டீங்களா?”

அந்தப் பளிச்சென்ற உருண்டைகள் அவள் கண்முன் வந்து நின்றன. அவள் ராப்பகலாகத் தீனி வைத்து வளர்த்தது அத்தானின் நல்ல குடலை. கறுத்துக் கிடந்த கட்டியை அவளே ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் கழிவு வாளியில் போட்டிருக்கிறாள். மருந்து பட்டுச் செத்தது எது என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனூண்டு அளவுக்கே செத்தது. அந்த மருந்து அவருடைய நல்ல குடலை எப்படி அரிக்கும் என்று தட்டு முன்கூட்டியே காட்டியிருக்கிறது. அதைத்தான் அவள் நல்ல சேதி என்று வராந்தாவிலிருந்து போன் போட்டுச் சொன்னாள்.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொந்தக்காரர் என்று மறைத்தது, பட்டினி போடாதது, போன் போட்டது, எதையும் விடவில்லை. டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

“அந்த மருந்து அவருக்கு டாக்டர் எழுதினதுதான். நம்ம தட்டைப் பார்த்து எழுதலை. எப்படியும் அதைத்தான் எழுதியிருப்பாங்க. அது உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் மேடம். ஆனா அவர் வேண்டாம்னுதான் சொல்லியிருந்தார். நான் சொன்னதாலதான் போட்டுக்கிட்டார்.”

டாக்டரம்மா அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை. “கொஞ்ச நாள் தட்டுகளைத் தொடாதீங்க. முதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க. டாக்டர்கிட்ட நான் பேசறேன்” என்றார்.

அக்கா வீடு நாலாவது மாடி. லிஃப்ட் நின்று பல நாளாகிறது. அவர் படுத்ததும் அதுவும் படுத்துவிட்டது, வந்து பார்க்கிற மெக்கானிக்குகள் தலையைச் சொறிந்துவிட்டுப் போகிறார்கள். படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். மூச்சு வாங்கியது பாதி, மனசு வராதது பாதி. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அக்கா, மருந்து வாங்கப் பையோடு எதிரே இறங்கி வந்தாள். தங்கை முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். பால்காரி அங்கேயே, படியிலேயே, சொல்லி முடித்தாள்.

அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அவர்கிட்ட சொல்லாதே” என்றாள்.

“அக்கா…”

“சொல்லாதேன்னா சொல்லாதே. இன்னும் ஒரு ரவுண்டு. அப்புறம் ஸ்கேன் இருக்கு. கட்டியும் சுருங்கியிருக்கலாம்ல? இருக்கலாமா, இருக்காதா? அதைச் சொல்லு.”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. நீ சொன்ன ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்த மனுஷன் எழுந்து உட்கார்றார். அதையும் பிடுங்கிட்டா விழுந்துடுவார். நீ தப்புப் பண்ணிட்டு, உன் மனசு லேசாகணும்னு அவர் தலையில கொண்டுபோய்க் கொட்டப் போறியா?”

அந்தக் கடைசி வார்த்தை பால்காரியைச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்க வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். அக்கா சொல்வதைக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டால் ஒருவருக்கும் தெரியாது. அத்தான் நாளைக் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போவார். இவள் போன் போட்டு, பல்லைக் கடிச்சுக்கோங்க என்பாள். அந்த வார்த்தையை இன்னொரு தடவை தன் வாயால் சொல்ல முடியாது என்று மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“இந்த மருந்து அவரை என்ன பண்ணுதுன்னு எனக்கு இப்பத் தெரியும் அக்கா. தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அது வெறும் தப்புல சேராது. அதுக்கு வேற பேரு” என்று சொல்லிவிட்டு ஏறினாள். அக்கா தடுக்கவில்லை. பின்னாலேயே மெதுவாக வந்தாள்.

அத்தான் கட்டிலில் இல்லை. குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, தலையணையைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து எழுந்து வருவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறதாம். அதனால் குடித்தனத்தையே அங்கே மாற்றிக்கொண்டார். கால்கள் குச்சியாகியிருந்தன. இவளைப் பார்த்ததும் வாய்க் கோணத்தில் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்தது.

“வா பால்காரி. தட்டு எப்படி இருக்கு?”

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒளித்து மறைக்காமல், அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கட்டியென்று நினைத்து நல்ல குடலை வளர்த்துவிட்டேன் அத்தான். மருந்து கொன்றது அதைத்தான். கட்டியை அது என்ன செய்யும் என்று நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே நின்றாள்.

“அப்ப உன் தட்டுல செத்தது என் நல்ல குடலு.”

“ஆமா அத்தான்.”

“இதைத்தானே நான் ரெண்டு ரவுண்டா சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “உள்ள இருக்கிறதையெல்லாம் வழிச்சு எடுக்குது, என்னைக் கொல்லுதுன்னு வாய்விட்டுச் சொன்னேனே. தட்டு சொன்னதைக் கேட்டீங்க. நான் சொன்னதை யாரு கேட்டீங்க?”

பால்காரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் எட்டி அவள் தலையைத் தொடப் பார்த்தார். மரத்த விரல்கள் தொட்டனவா இல்லையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“அளவைக் குறைச்சுக் கொடுக்கலாம் அத்தான். டாக்டர்கிட்ட கேட்கலாம்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“குறைச்சா கட்டி என்ன ஆகும்?”

“தெரியாது.”

“மருந்தே வேணாம்னு விட்டா?”

“அப்ப சீக்கிரம் வளரும். எவ்வளவு சீக்கிரம்னு தெரியாது.”

அவர் தலையை ஆட்டினார். தெரியாது என்ற வார்த்தை அவருக்குப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. பிறகு இவளை விட்டுவிட்டு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். மறுபடி வேண்டாம் என்று தானே சொன்னால் அவள் அழுவாள் என்று பயந்து, நிறுத்திவிடலாம் என்ற வார்த்தையை மட்டும் இத்தனை நாளும் விழுங்கிப் பழகியவர். இப்போதும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். உள்ளே வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, ஒரு கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். அதில் மன்னிப்பு எதுவும் இல்லை.

“நாளன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்” என்றாள்.

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“நெஜமாவா?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்றதும் பிள்ளைகள் கேட்பார்களே, அந்தக் குரல். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா வாய்விட்டு அழுதாள்.